பதினேழாவது வரி

பழக்கூழை டின்னில் அடைத்து அனுப்பும் அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் பேப்பரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் கடைசியில் அது அவள் மேசைக்கு வந்து சேரும். இயந்திரத்தோடு வரும் கையேட்டிலிருந்து வேலைக்காரர்களுக்குத் தேவையான வரிகளை மட்டும் பொறுக்கித் தமிழில் எழுதுவாள். தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, தானே எடுத்துப்போய் அந்தந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வருவாள். ஆறு வருடத்தில் இருபத்திரண்டு தாள்கள். வேலை நிரந்தரமில்லை, வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். இதுவரை ஒரு பிழை சொன்னவர் கிடையாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கணவர் சாப்பாட்டு மேசையில் பயிற்சிப் புத்தகத்தை விரித்துவைத்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தர். பதவி உயர்வுக்கு ஆங்கிலத் தேர்வு ஒன்று எழுதியாக வேண்டும். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. நாற்பத்தாறு வயதில் கோடிட்ட இடத்தை நிரப்பு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? பென்சிலை மேசையில் தட்டித் தட்டி அதன் கூர்முனையை அவரே உடைத்துவிட்டிருந்தார்.

"இந்த மஸ்ட் நாட்டும் டோன்ட் ஹேவ் டூவும் ஒண்ணுதானே? ரெண்டுக்கும் வேண்டாம்னுதான் அர்த்தம். எதப் போட்டாலும் தப்புங்கறான்."

அவள் மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். மஸ்ட் நாட் என்றால் செய்யவே கூடாது. டோன்ட் ஹேவ் டூ, நீட் நாட் என்றால் செய்ய வேண்டிய அவசியம் இல்லை, செய்தாலும் குற்றமில்லை. ஒன்று தடை, இன்னொன்று சலுகை. வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம் என்றாள்.

"நம்ம பாஷையில வேண்டாம்னு ஒரே வார்த்தைதானே இருக்கு," என்றார் அவர், உடைந்த முனையைச் சீவியபடி.

அப்படியெல்லாம் இல்லை, கூடாது என்று ஒரு சொல் இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தாள். கையிலிருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது.

நீராவி உருளைக்கான தாள் அவள் கண் முன்னால் வந்தது. ஒரு தடவைக்கு ஒரு சுமை டின்களை உள்ளே அடுக்கி, கனத்த மூடியைப் பூட்டி, நீராவியில் வேகவைக்கும் உருளை அது. வெந்து முடிந்ததும் மேல்குழாய் வழியே நீராவி மெதுவாக வெளியேற வேண்டும். மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வர இருபது நிமிடம் ஆகும். அதுவரை பக்கத்திலுள்ள சின்னக் குழாயைத் தொடவே கூடாது. கையேட்டில் மஸ்ட் நாட் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அவள் எழுதிய பதினேழாவது வரி இது: மூடி பூட்டியிருக்கும்போது பக்கக் குழாயைத் திறக்க வேண்டாம்.

அதே தாளில் ஒன்பதாவது வரியும் நினைவுக்கு வந்தது. அங்கே கையேட்டில் இருந்தது நீட் நாட். அவள் எழுதியது: ஒவ்வொரு சுமைக்கும் வடிகட்டியைக் கழுவ வேண்டாம்.

இரண்டுக்கும் அதே வேண்டாம்.

கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டாள். போன செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கக் குழாயைத் திறந்துதான் நெட்டை கையைச் சுட்டுக்கொண்டான். நெட்டை என்பது உருளையை இயக்குகிறவன். நிலைப்படியில் குனிந்துதான் வருவான், அதனால் அந்தப் பெயர். கொதிநீரும் நீராவியும் பீய்ச்சியடித்து முழங்கையிலிருந்து விரல்நுனிவரை வெந்துபோயிற்று. பாவம், அவசரப்பட்டுவிட்டான் என்று அவளும் மற்றவர்களோடு சேர்ந்து உச்சுக்கொட்டினாள். வெள்ளிக்கிழமை அவன்மேல் குற்றச்சாட்டுக் கடிதம் ஒன்று ஆங்கிலத்தில் வந்தது. எழுத்து மூலமான பதினேழாம் விதியை மீறினான், திங்கள் காலை பதினோரு மணிக்கு விசாரணை, வேலையிலிருந்து ஏன் நீக்கக் கூடாது என்று விளக்கம் தரவும். அதையும் அவள்தான் கால் மணி நேரத்தில் தமிழாக்கித் தட்டச்சு செய்து கொடுத்திருந்தாள். தன் வரியைத் தானே எடுத்துப் போட்டிருந்தாள். அப்போதும் கண்ணில் படவில்லை.

கணவரிடம் சொன்னாள். அவர் புத்தகத்தை மூடிவிட்டு முழுவதையும் கேட்டார். வேறு யாராவது இதைக் கவனித்தார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். புதுப்பிக்கும் தேதி எப்போது என்று கேட்டார். அடுத்த மாதக் கடைசி என்றாள். அவர் பென்சிலை எடுத்துப் புத்தகத்தின்மேல் வைத்தார்.

"நீ சொல்ல வேணாம்மா."

"வேணாம்னா? சொல்லக் கூடாதுங்கறீங்களா, சொல்லணும்னு அவசியம் இல்லைங்கறீங்களா?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை என்பது அவருக்கும் புரிந்தது.

"மொதல்ல கூடாதுன்னு நெனச்சுதான் சொன்னேன். இப்ப நீ கேட்டதும், அவசியமில்லன்னு மாத்திக்கலாமான்னு பாக்கறேன்."

அதற்கப்புறம் வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடித்த துணியை அலமாரியில் வைத்தாள். வைத்ததை எடுத்து மறுபடி மடித்தாள். அடுப்பில் ஏதோ வைத்ததாக நினைத்து ஓடினாள், அடுப்பே பற்றவைக்கவில்லை. கடைசியில் கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டு, நெட்டையின் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள். அவர் தடுக்கவில்லை. குடை எடுத்துக்கொண்டு போ என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பேருந்து மாற வேண்டியிருந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தெருவெங்கும் அந்தச் சொல்தான் அவளைப் பார்த்துப் பல்லிளித்தது. இங்கே வண்டி நிறுத்த வேண்டாம். கதவில் சாய வேண்டாம். சில்லறைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் மனதுக்குள் ஆங்கிலத்தில் மாற்றிப் பார்த்தாள். முதல் இரண்டும் மஸ்ட் நாட். மூன்றாவது எது என்று தெரியவில்லை. எழுதினவனுக்குத் தெரியுமா என்றும் தெரியவில்லை. இத்தனை நாள் ஜனங்கள் எப்படித்தான் சரியாகப் புரிந்துகொண்டார்கள்? சாய்ந்தால் விழுவோம் என்று தெரியும், அதனால் சாய்வதில்லை. பலகையைப் படித்தா நடந்துகொள்கிறார்கள்? அப்படியானால் நெட்டைக்கும் தெரிந்திருக்கும்தானே. இந்த நினைப்பு வந்ததும் கொஞ்சம் மூச்சு விட்டாள். அடுத்த நிறுத்தத்துக்குள் அதுவும் போய்விட்டது.

நெட்டை தன் அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தான். கட்டுப் போட்ட கை தலையணைமேல் கிடந்தது. நீளமான கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவன் அக்கா ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, அலுவலகத்திலிருந்து முதலில் வந்து பார்த்த ஆள் நீங்கள்தான் என்றாள். அது அவளை இன்னும் குத்தியது.

சுற்றி வளைக்காமல் கேட்டாள். அந்தத் தாளை நீ படித்திருக்கிறாயா?

படித்திருக்கிறேன் என்றான். ஒட்டின அன்றைக்கே படித்தேன், ஒரு சந்தேகமும் வந்தது என்றான். வடிகட்டியைக் கழுவ வேண்டாம் என்று போட்டிருக்கிறது. ஆனால் ஃபோர்மன் சுத்தம் பார்க்கிற மனிதர், தினமும் கழுவச் சொல்கிறார். கழுவுகிறோம், ஒன்றும் ஆகவில்லை. சுமை அதிகமாக வந்த ஒருநாள், இருபது நிமிடம் காத்துக்கொண்டிருந்தால் எப்போது முடிப்பது, பக்கக் குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிடு என்று அதே ஃபோர்மன் சொன்னார்.

"நான் கேட்டேன்க்கா. வேண்டாம்னு போட்டிருக்கே அண்ணேன்னு. வடிகட்டிக்குந்தான் வேண்டாம்னு போட்டிருக்கு, கழுவாமயா இருக்கோம்னாரு. அதுவும் சரியாத்தான் பட்டுச்சு. நாலு மாசமா தெறந்துட்டுதான் இருந்தோம்."

இதை விசாரணையில் சொல்வாயா என்று கேட்டாள். சொன்னால் ஃபோர்மன் இல்லை என்பார், என் பேச்சு எடுபடாது, தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றான். படித்துப் புரிந்துகொண்டேன் என்று கீழே அவள்தான் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள், கையெழுத்துக்கு.

அந்த வரியில் தவறு தன்னுடையது என்று அவள் சொன்னாள். நெட்டையின் அக்காதான் பேசினாள். "இத இங்க சொல்லி என்னம்மா பிரயோஜனம்? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அதற்கப்புறம் அந்த நாற்காலியில் உட்கார அவளுக்குக் கூசியது.

திங்கள்கிழமை ஏழரை மணிக்கே தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். மூலக் கையேட்டை எடுத்து இரண்டு வரிகளுக்கும் கீழே கோடு போட்டாள். தமிழ்த் தாளின் நகல் ஒன்றை எடுத்தாள். அலமாரியிலிருந்து மற்ற தாள்களின் நகல்களையும் இறக்கி ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள். மூடி பொருத்தும் இயந்திரம், கலக்கும் தொட்டி, டின் நகரும் பட்டை. எங்கே பார்த்தாலும் வேண்டும், வேண்டாம். சில இடங்களில் ஷுட், அதாவது செய்தால் நல்லது என்ற அளவில்தான். சில இடங்களில் மஸ்ட், செய்தே தீர வேண்டும். இரண்டையும் வேண்டும் என்றே எழுதித் தள்ளியிருந்தாள். எழுதும்போது அவளுக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது, ஆங்கிலம் கூடவே மனதில் ஓடிக்கொண்டிருந்ததால். படிக்கிறவனுக்கு அது ஓடாது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பதினோரு மணி ஆவதற்குள் நான்கு முறை எழுந்து தண்ணீர் குடித்தாள்.

விசாரணைக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. மேலாளர் அறையில் மேலாளர், ஃபோர்மன், நெட்டை மூன்று பேர்தான். கதவைத் தட்டிவிட்டு, இந்தத் தாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று நின்றாள். மேலாளர் மரியாதையான மனிதர், உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வந்தது உள்ளேயே போய்விடும் என்று பயம். தமிழ்த் தாளை அவர் முன்னால் வைத்தாள்.

"ஒன்பதாவது வரியையும் பதினேழாவது வரியையும் படிங்க சார். எத செஞ்சா ஆபத்து, எத செஞ்சா பரவாயில்லன்னு சொல்ல முடியுதா?"

அவர் படித்தார். "குழாயத் தெறந்தா கொதிதண்ணி வரும்னு யாருக்கும் தெரியுமே."

"தாள்ல இருக்கறத மட்டும் வச்சு சொல்லுங்க சார். இவர்மேல குத்தம் போட்டிருக்கறது தாள வச்சுதான்."

மேலாளர் மறுபடி படித்தார். இந்தமுறை மெதுவாக, உதடு அசைய. அவள் மூலக் கையேட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். நீட் நாட், மஸ்ட் நாட். இரண்டையும் விரலால் காட்டினாள்.

ஃபோர்மனுக்குத் தன் பக்கம் ஏதோ வந்துவிடப் போகிறது என்று பட்டிருக்க வேண்டும். முந்திக்கொண்டு பேசினார். வடிகட்டி விஷயத்தில் தன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது, தினமும் கழுவ வைக்கிறேன் என்றார். "வேணாம்னு போட்டிருந்தாலும் செஞ்சா தப்பில்லன்னுதான் சார் நாங்க எடுத்துக்கறது." சொல்லி முடித்த பிறகுதான் எங்கே காலை வைத்தோம் என்று அவருக்கே தெரிந்தது.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப குழாயையும் அப்படித்தான் எடுத்துக்கிட்டீங்களா?"

ஃபோர்மன் லேசாகத் தலையசைத்தார்.

"எத்தன நாளா?"

"சுமை ஜாஸ்தியா இருக்கற நாள்ல மட்டும் சார்."

நெட்டை தலை குனிந்துகொண்டான். அழுதானா, நிம்மதியாக மூச்சு விட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஃபோர்மன் வெளியே போகும்போது அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. உனக்கென்ன வந்தது இதில் என்பது போல.

நெட்டையை நீக்கவில்லை. எச்சரிக்கை ஒன்றைக் கோப்பில் வைத்துக்கொண்டு, கை ஆறியதும் வரச் சொன்னார்கள். ஃபோர்மனைக் கிடங்குப் பக்கம் மாற்றினார்கள். அவளிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள், ஆங்கிலத்தில்.

அந்த விளக்கத்தை எழுதத்தான் அவள் மிகவும் திணறினாள். மேலாளர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொல்லியிருந்தார். "மஸ்ட் ஹேவ்னு போட்டுக்கோங்க. கவனக்குறைவால விட்டுப்போயிருக்கும்ங்கற மாதிரி. அது ஒரு ஊகம்தான், ஒப்புதல் ஆகாது. புதுப்பிக்கற நேரத்துல உங்களுக்கும் நல்லது." அவர் சொன்னதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. மஸ்ட் ஹேவ் என்றால் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று தள்ளி நின்று ஊகிப்பது. ஷுட் ஹேவ் என்றால் செய்திருக்க வேண்டியது என் கடமை, நான் செய்யவில்லை என்று முன்னால் வந்து நிற்பது. தமிழில் எழுதச் சொல்லியிருந்தால் இரண்டுக்கும் வேண்டும் என்றே முடித்து, படிக்கிறவர் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். ஆங்கிலம் அப்படி ஒளிய இடம் தரவில்லை.

வீட்டில் கணவரிடம் இரண்டு வாக்கியத்தையும் காட்டினாள். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, ஷுட் போட்டால் நீ மாட்டிக்கொள்வாய் என்றார். கொஞ்சநேரம் கழித்து, மஸ்ட் போட்டால் நீ ராத்திரியெல்லாம் தூங்காமல் என்னையும் தூங்கவிட மாட்டாய் என்றார். அவள் ஷுட் ஹேவ் என்று எழுதினாள். இந்த இரண்டு சொற்களின் வேறுபாட்டைத் தமிழில் காட்டியிருக்க வேண்டியது என் பொறுப்பு, நான் காட்டவில்லை. அவ்வளவுதான். பார்த்துப் பார்த்து அரைப் பக்கத்துக்குமேல் போகவில்லை.

அடுத்த மூன்று வாரமும் இருபத்திரண்டு தாள்களையும் திரும்ப எழுதினாள். இந்தமுறை மேசையிலேயே முடித்துவிடவில்லை. ஒவ்வொரு தாளையும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, அதை இயக்குகிறவர்களிடம் படித்துக்காட்டினாள். இதைச் செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டாள். கூடாது, அவசியமில்லை, செய்தே ஆக வேண்டும், செய்தால் நல்லது என்று நான்காகப் பிரித்தாள். சிலர் அலுத்துக்கொண்டார்கள். பேப்பரக்காவுக்கு என்ன ஆயிற்று, இருந்த இடத்தில் இருக்க மாட்டேன் என்கிறாரே என்றார்கள். கலக்கும் தொட்டியிலும் டின் நகரும் பட்டையிலும் தலா ஒரு வரியில் வேண்டும் என்று அவள் எழுதியிருந்ததைத் தப்பாகப் புரிந்து வைத்திருந்தார்கள். அங்கே யாருக்கும் அடிபடவில்லை என்பது வெறும் அதிர்ஷ்டம். அந்த இரண்டு தாள்களையும் அன்றைக்கே மாற்றி ஒட்டினாள்.

புதுப்பிக்கும் கடிதம் வந்தது. ஒரு வருடத்துக்கு அல்ல, ஆறு மாதத்துக்கு. அவள் எழுதும் தாளை இனி இன்னொருவரும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு நிபந்தனை. கணவர் முகம் சுருங்கியது. அவளுக்கோ அந்த நிபந்தனை ஒரு பாரத்தை இறக்கி வைத்தது போலிருந்தது. ஆறு மாதம்தானே என்ற பயம் மட்டும் தனியாக உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது.

நெட்டை திரும்பி வந்தபோது அவனுடைய இரண்டு விரல்கள் முழுதாக மடங்கவில்லை. லேபிள் ஒட்டும் பகுதியில் போட்டார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு அவள் மேசைக்கு வந்து நின்றான். மறுபடி உருளைக்கே போகிறேன், மேலாளருக்கு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள் என்றான். அவள் பேனாவை எடுத்தாள், வைத்தாள். அந்தக் கையோடு அங்கேயா, யோசித்துச் சொல் என்றாள். இந்த வேலையில் உனக்கு என்ன குறை என்றாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"பதினோரு வருசமா அந்த உருளைதான்க்கா எனக்குத் தெரிஞ்ச வேலை. பயந்து ஓடினவன்னு பேர் வேணாம்."

"கேட்டுக்கறேன்னு எழுதவா, உரிமைன்னு எழுதவா?"

அவன் யோசித்தான். "கெஞ்ச வேணாம். அதட்டவும் வேணாம். நடுவுல ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. எழுதிக் கொடுத்தாள். தமிழில் வாய்விட்டுப் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினாள்.

இரண்டு வாரம் கழித்து அனுமதி கிடைத்தது. அவன் உருளைக்குத் திரும்பிய முதல் நாள் காலை அவளுக்கு மேசையில் வேலை ஓடவில்லை. எழுந்து கீழே போனாள். முதல் சுமை வெந்து முடிந்திருந்தது. மேல்குழாயிலிருந்து நீராவி சீறிக்கொண்டு வெளியேறியது. நெட்டை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மீட்டரைப் பார்த்து நின்றான். புது ஃபோர்மன் கடிகாரத்தைப் பார்த்தார், அவனை அவசரப்படுத்தவில்லை.

அவளும் ஓரமாக நின்றாள். முள் இறங்குவதே தெரியவில்லை. பத்து நிமிடம் ஆனதும் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினாள். பதினைந்து ஆனது. மேலே அவள் தொலைபேசி அடித்துக்கொண்டிருப்பதாக யாரோ வந்து சொன்னார்கள். வருகிறேன் என்றாள், நகரவில்லை. முள் கடைசிக் கோட்டைத் தொட்டது. அதற்கப்புறமும் நெட்டை சற்றுநேரம் காத்திருந்துவிட்டு, மடங்காத விரல்களால் பூட்டின் பிடியைப் பற்றித் திருப்பினான். மூடி திறந்தது. வெந்த பழத்தின் வாசனையோடு வெறும் வெதுவெதுப்பான காற்றுதான் வெளியே வந்தது.